பாடகருக்குப் பின்னால் பிக் பேண்ட்: இசைக்கோப்பின் தரத்தைக் காதால் அறிவது எப்படி

ஃபிராங்க் சினாட்ரா, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஜோ வில்லியம்ஸ் போன்ற ஜாஸ் பாடகர்களின் பதிவுகளைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் குரலில் மயங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தக் குரலுக்குப் பின்னால், பிக் பேண்ட் எனப்படும் பெரிய வாத்தியக் குழுவில், பதினைந்துக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்கள், ஒருவர் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்து, எப்போது ஒலிப்பது, எப்போது வாளாவிருப்பது என்பதைத் துல்லியமாக அறிந்து வாசிக்கிறார்கள். அப்படி எழுதித் தருகிறவரைத்தான் அரேஞ்சர் என்கிறோம்; நம் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களிலும் அதே பெயர்தான் வழங்குகிறது. பாட்டை இயற்றியவர் ஒருவர், பாடியவர் ஒருவர், அரேஞ்சர் வேறொருவர். இந்த மூன்றாமவரின் வேலை நன்றாக அமைந்திருக்கிறதா என்பதைக் கண்டறியும் வழியை, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இந்த இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கியிருக்கும் நண்பர்களுக்காகவும், அவர்களைப் போலவே கச்சேரியும் சினிமாப் பாட்டும் கேட்டு வளர்ந்த பிறருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நான் கொள்ளும் அளவுகோல் இதுதான்: பாடகர் உச்சரிக்கும் ஒவ்வொரு சொல்லும் சிரமமின்றிக் காதில் விழ வேண்டும், அதே சமயம், பாடகரை மனத்தால் விலக்கிவிட்டுக் கேட்டாலும் அந்தப் பேண்டுக்குச் சொல்வதற்கென்று ஒரு விஷயம் இருக்க வேண்டும். இவ்விரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் தேவைகள். முதலாவதை மட்டும் நிறைவேற்றுவது எளிது; பேண்டை மெல்லிய ஒலியில் நீட்டி ஊதவிட்டால் போதும். இரண்டாவதை மட்டும் நிறைவேற்றுவதும் கடினமன்று. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றியவர்களின் பெயர்கள்தாம் அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பேசப்படுகின்றன.

இப்பதிவுகளில் காணும் பேண்டின் வழக்கமான அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த ஒலியிலிருந்து தாழ்ந்த ஒலி வரை இரண்டு ஆல்ட்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிடோன் என ஐந்து சாக்ஸபோன்கள், நான்கு டிரம்பெட்டுகள், அவற்றைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது நான்கு டிரோம்போன்கள், இவற்றுக்கு அடியில் பியானோ, கிட்டார், டபுள் பாஸ், டிரம்ஸ் ஆகிய தாளக் குழு. சில பதிவுகளில் வயலின், வியோலா, செல்லோ முதலிய நரம்புக் கருவிகளும் சேர்வதுண்டு.

கேட்கும் இடம்

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றப் பகுதியான வளவிலும் முன்கூடமான பட்டாலையிலும் பேச்சொலியே முழங்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்புச் சாந்தை வழவழப்பாகத் தேய்த்த சுவர், உயரமான கூரை, கல்தூண் ஆகிய எதுவும் ஒலியை உறிஞ்சாது. பட்ட ஒலியை அப்படியே திருப்பி அனுப்பும். நாகசுரத்துக்கும் தவிலுக்கும் அந்த முழக்கம் பொருந்தலாம். நான்கு டிரம்பெட்டுகள் ஒரே வீச்சில் அடித்து நிறுத்தும் இடத்திலோ, அந்த ஒலி அடங்குவதற்கு முன்பே பாடகரின் அடுத்த சொல் தொடங்கிவிடுவதால், சொல்லின் மெய்யெழுத்துகள் மூழ்கிப்போகின்றன. கேட்பவர், பேண்ட் பாடகரை அமுக்குகிறது என்று முடிவுகட்டிவிடுவார். அமுக்கியது வீடு, அரேஞ்சர் அல்லர்.

ஆகையால் வளவை ஒட்டிய உள்ளறைகளில், கட்டிலும் மெத்தையும் துணிமணிகளும் சாமான்களும் நிறைந்திருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தரையில் கனமான ஜமுக்காளத்தை விரித்து, ஒலிபெருக்கிகளுக்கு எதிர்ச்சுவரில் தடித்த திரையொன்றைத் தொங்கவிடுங்கள். ஒலிபெருக்கியை மூலையில் வைத்தால் பாஸ் ஒலி பெருத்து டிரோம்போன்களை மறைத்துவிடும். சுவரிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அறையின் தொல்லை முற்றிலும் நீங்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் இசைத்தட்டுகள் கிடைத்தால் மகிழ்ச்சிதான். இல்லையென்றாலும், இணையத்தில் கிடைக்கும் பதிவுகளே இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

காலத்தைக் கணக்கில் கொள்ளுதல்

1930-களிலும் 1940-களின் முற்பகுதியிலும் பேண்டுகள் நடனமாட வந்தவர்களுக்காக வாசித்தன. பாடகர் அந்தப் பேண்டின் ஊழியர்களில் ஒருவர். அன்றைய 10 அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே அடங்கும் என்பதால், பேண்ட் முதலில் ஒரு சுற்று வாசிக்க, நடுவில் பாடகர் எழுந்து ஒரு சுற்றுப் பாடிவிட்டு அமர்வது வழக்கமாக இருந்தது. 1939-இல் ஹாரி ஜேம்ஸ் பேண்டிலும், 1940 முதல் 1942 வரை டாமி டோர்சி பேண்டிலும் சினாட்ரா பாடியது பெரும்பாலும் இந்த முறையில்தான். 1948-இல் நெடுநேரம் ஓடும் எல்.பி. இசைத்தட்டு வந்தது. 1953-இல் சினாட்ரா கேப்பிடல் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்து, நெல்சன் ரிடில் என்னும் அரேஞ்சருடன் பணியாற்றத் தொடங்கிய பிறகு, ஓர் ஆல்பம் முழுவதையும் ஒரே மனநிலையில், ஒரே பாடகரை மையமாக வைத்து எழுதும் போக்கு உச்சத்தை எட்டியது. முந்தைய பதிவில் பாடகர் பேண்டுக்கு ஏற்ப வளைந்திருந்தால் அது அக்காலத்தின் ஒழுங்கு. பிந்தைய பதிவில் அப்படி இருந்தால் அது குறை.

ஒரே பாட்டு, மூன்று கைகள்

தரத்தை அறிய ஒப்பிடுவதைவிட நல்ல வழி இல்லை. கோல் போர்ட்டர் 1932-இல் இயற்றிய "நைட் அண்ட் டே" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சினாட்ரா இதை வெவ்வேறு வயதுகளில், வெவ்வேறு அரேஞ்சர்களின் எழுத்தில் பதிவுசெய்திருக்கிறார். 1942 ஜனவரியில், டோர்சி பேண்டில் இருந்தபோதே, தனிப் பெயரில் அவர் செய்த முதல் பதிவுகளில் இதுவும் ஒன்று. அதற்கு எழுதியவர் ஆக்ஸல் ஸ்டோர்டால். 1956-இல் ரிடிலின் எழுத்தில், துள்ளும் நடையில், மறுபடியும் பாடினார். அது அடுத்த ஆண்டு "எ ஸ்விங்கிங் அஃபேர்" ஆல்பத்தில் வெளிவந்தது. 1961-இல் டான் காஸ்டா, பெரிய நரம்பிசைக் குழுவுக்காக விரிந்த காலப்பிரமாணத்தில் எழுதியதைப் பாடினார்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்; ஆனால் ஒவ்வொரு தடவையும் காதுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். முதல் தடவை சொற்களை மட்டும் பின்தொடருங்கள். எந்தச் சொல்லாவது காதுக்கு எட்டாமல் போனால், அந்த நொடியில் எந்த வாத்தியம் ஒலித்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை பாடகரை அறவே புறக்கணித்துப் பின்னணியை மட்டும் கேளுங்கள். இது தொடக்கத்தில் கடினமாக இருக்கும். பாரிடோன் சாக்ஸபோனையோ கடைசி டிரோம்போனையோ பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலாக ஏறினால் எளிதாகும். மூன்றாம் தடவை பாஸையும் டிரம்ஸையும் மட்டும் கேளுங்கள்.

இந்தப் பாட்டைப் பரிந்துரைக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. இதன் தொடக்க விருத்தப் பகுதியில் ஒரே சுரம் திரும்பத் திரும்ப வருகிறது. முக்கியப் பகுதியிலும் மெட்டு ஒரே சுரத்தில் அடிக்கடி நின்றுவிடுகிறது. பாடகர் அசையாமல் நிற்கும்போது அடியில் இருக்கும் ஒத்திசை நகர்ந்தாக வேண்டும். இல்லையென்றால் பாட்டு உறைந்துவிடும். காஸ்டாவின் வடிவம் அந்த விருத்தத்தோடு தொடங்குகிறது. அங்கே சினாட்ராவின் குரல் ஒரே இடத்தில் நிற்க, கீழுள்ள கார்டுகள், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டங்கள், மாறுவதால் அதே சுரத்தின் நிறம் சொல்லுக்குச் சொல் மாறுவதைக் கேட்கலாம். கர்நாடக இசை பழகிய நம் காது ராகத்தின் அசைவைத் தேடும் பழக்கமுடையது. அடியில் உள்ளது அசைவதால் மேலே நிற்பது உருமாறுவதை உணரப் பழகிவிட்டால், அரேஞ்சர்களின் கலையில் பாதி திறந்துவிடும்.

குரலின் எல்லைக்குள் யார் நிற்கிறார்கள்

ஆண் பாடகர் பாடும் சுரங்களும், டிரோம்போன், டெனர் சாக்ஸபோன் ஆகியவை இயல்பாக ஒலிக்கும் சுரங்களும் ஏறத்தாழ ஒரே எல்லைக்குள் வருகின்றன. அந்த எல்லைக்குள் பாடகரும் நகர்ந்து டிரோம்போன்களும் நகர்ந்தால், இரண்டில் ஒன்று காணாமல் போகும். நல்ல அரேஞ்சர் இதற்குப் பல வழிகளை வைத்திருப்பார். பாடகர் நகரும்போது டிரோம்போன்களை நீண்ட சுரத்தில் அடக்கமாக நிறுத்திவைப்பார். அல்லது பாடகருக்குக் கீழே இறக்கி, பாஸ் டிரோம்போனைக் கொண்டு ஓர் அடித்தளம் போடுவார். அல்லது சாக்ஸபோன்களை ஐந்து தனிச் சுரங்களாகப் பிரிக்காமல் ஒரே சுரவரிசையில் சேர்த்து ஊதவைத்து, மெல்லிய ஒற்றைக் கோடாக்கிவிடுவார்.

சொல்லின் தெளிவு மெய்யெழுத்துகளில் இருக்கிறது. க, ச, த, ஸ போன்றவற்றின் ஒலி, சுரத்தின் உயரத்தைவிட மிக மேலே, டிரம்பெட்டும் சிம்பலும் பளபளக்கும் பகுதியில் விழுகிறது. பாடகர் பாடும்போது டிரம்பெட்டுகளின் வாயில் மியூட் என்னும் அடைப்பைப் போடுவது இதனால்தான். மியூட் ஒலியைக் குறைப்பதோடு நில்லாமல், நிறத்தையும் மாற்றிச் சொல்லுக்கு வழிவிடுகிறது. பெண் குரலுக்கு எழுதும்போது இந்தக் கணக்கு மேலே நகர்ந்துவிடும். ஆல்ட்டோ சாக்ஸபோன்களும் டிரம்பெட்டுகளும் குரலோடு மோத, டிரோம்போன்களுக்குக் கூடுதல் சுதந்திரம் கிடைக்கும். 1959-இல் ரிடில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எழுதிய கெர்ஷ்வின் பாடல் தொகுப்பையும், சினாட்ராவுக்கு எழுதியவற்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே கை இரு குரல்களுக்கு எப்படி வெவ்வேறாக வேலை செய்கிறது என்பது விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சொல் தெளிவாகக் கேட்பதற்கு ஒலிப்பதிவாளர் குரலை உயர்த்தி வைத்ததும் காரணமாக இருக்கலாம். அதைப் பிரித்தறிய, ஒலியை மிகவும் குறைத்து, பக்கத்து அறையில் பாடுவது போன்ற அளவில் கேளுங்கள். அந்த நிலையிலும் பேண்டின் முக்கிய வரிகள் காதில் விழுந்து, சொல்லும் மறையாமல் இருந்தால், எழுத்தே சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். குரல் மட்டும் கேட்டுப் பேண்ட் ஒரு மங்கிய இரைச்சலாகத் தேய்ந்துவிட்டால், பெருமை ஒலிப்பதிவாளருக்கே உரியது.

இடைவெளியில் பேசுதல்

நம் காதின் பழக்கம் இடறும் இடம் இது. தமிழ்ச் சினிமாப் பாட்டில் வாத்தியக் குழு முழுமையாகப் பேசும் இடம் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவிலுள்ள இடையிசை. அதற்காகக் காத்திருந்து கேட்கிறோம். கச்சேரியில் பக்கவாத்திய வயலின், பாடகர் விட்ட சங்கதியைத் தொடர்ந்து பிடித்து, அதையே எதிரொலித்துக் காட்டும். அந்தப் பின்தொடர்தலில்தான் அங்கே நயம் இருக்கிறது. பிக் பேண்டில் நயம் இருப்பது வரிக்கும் வரிக்கும் இடையில் பாடகர் மூச்சு வாங்கும் இரண்டு மூன்று நொடிகளில். அங்கே வரும் சிறு துணுக்கை நம் இசைக்குழுவினர் ஃபில்லர் என்பார்கள். பாடகர் பாடியதையே அந்த ஃபில்லர் திருப்பிச் சொன்னால் அது வீண். அவர் சொன்னதற்கு மறுமொழியாகவோ, அவர் சொல்லாமல் விட்டதாகவோ, அடுத்து அவர் எடுக்கப்போகும் சுரத்துக்கு வழிகாட்டியாகவோ இருந்தால்தான் அதற்கு அங்கே இடம் உண்டு.

இதற்கு மிகத் தெளிவான பாடம், 1955-இல் கவுன்ட் பேஸி பேண்டுடன் ஜோ வில்லியம்ஸ் பாடிய "எவ்ரி டே ஐ ஹேவ் த புளூஸ்". அதற்கு அரேஞ்சர் எர்னி வில்கின்ஸ். புளூஸ் சுற்று 12 பார்கள் கொண்டது; பார் என்பது இங்கே நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு தாள அளவு. நான்கு நான்கு பார்களாக மூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் பாடகர் ஏறத்தாழ முதல் பாதியை எடுத்துக்கொள்ள, மறுபாதி பேண்டுக்கு மிஞ்சுகிறது. அந்த மறுபாதிகளை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். சுற்றுக்குச் சுற்று மறுமொழியின் கனமும் கூர்மையும் ஏறுவதை உணர்வீர்கள். ஆனாலும் பாடகரின் அடுத்த சொல் வருவதற்குள் பேண்ட் கையைக் கட்டிக்கொள்கிறது.

எழுதாமல் விடுவதும் எழுத்தில் சேர்ந்ததே. 1956-இல் வந்த "சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவர்ஸ்" ஆல்பத்தில், முன்பு பேஸி பேண்டில் இருந்த ஹாரி எடிசன் மியூட் போட்ட டிரம்பெட்டில் ஆங்காங்கே ஓரிரு சுரங்களைச் சொட்டுகிறார். மற்ற எல்லோரும் அந்த நொடியில் ஒதுங்கி நிற்கும்படி ரிடில் எழுதியிருப்பதால்தான் அந்த இரண்டு சுரங்கள் ஒரு புன்னகையைப் போலக் காதில் விழுகின்றன. சினாட்ராவோ, டோர்சி டிரோம்போனில் மூச்சைச் சேமித்து நீண்ட வரிகளை இழுத்த விதத்தைப் பார்த்துப் பாடக் கற்றவர். மூச்சு வாங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த வரியோடு சேர்த்துவிடுவார். அவருக்கு எழுதுகிறவர், எந்த இடைவெளி உண்மையில் இருக்கும், எந்த இடைவெளியை அவர் விழுங்கிவிடுவார் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஒரு பாடகருக்கு எழுதியதை இன்னொருவர் பாடும்போது பல சமயம் பொருந்தாமல் போவதற்கு, கட்டை மாறுவதைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஏற்றமும் இறக்கமும்

ஒரு பாட்டின் முழு வடிவத்தை எடைபோட, அதே ஆல்பத்திலுள்ள "ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்" பாட்டைவிடச் சிறந்த உதாரணத்தை நான் அறியேன். இதை 1956 ஜனவரி 12 அன்று பதிவுசெய்தார்கள். வழக்கமான 32 பார் வடிவத்துக்குப் பதிலாக 56 பார்களில் நீளும் பாட்டு இது. இடையிடையே உயர்த்திப் பிடிக்காவிட்டால் தொய்ந்துவிடும் ஆபத்து உண்டு.

முதல் சுற்று முழுவதும் ரிடில் கையை அடக்கியே வைத்திருக்கிறார். நடை ஒரே சீராகப் போகிறது, அவசரமே இல்லை. சினாட்ரா விலகியதும் இடையிசை தொடங்குகிறது. டிரோம்போன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்து, ஒரு சிறு தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒவ்வொரு சுழற்சியிலும் ஒலியைக் கூட்டுகின்றன. ஸ்டான் கென்டன் பேண்டுக்காக பில் ருஸோ எழுதிய ஒரு பகுதியிலிருந்து இந்த யோசனையை எடுக்கலாம் என்று ரிடிலுக்குச் சொன்னவர், பாஸ் டிரோம்போன் வாசித்த ஜார்ஜ் ராபர்ட்ஸ். ரிடிலும் டிரோம்போன் வாசித்தவரே, அதுவும் டோர்சி பேண்டில்; அந்த வாத்தியம் எவ்வளவு தாங்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். அந்த ஏற்றத்தின் முடிவில் மில்ட் பெர்ன்ஹார்ட்டின் டிரோம்போன் தனி ஆவர்த்தனமாக வெடித்து எழ, அதன் வேகம் தணிவதற்கு முன்பே சினாட்ரா மறுபடியும் நுழைகிறார். முதலில் அமைதியாகச் சொன்ன அதே சொற்களை இப்போது உரத்த குரலில் சொல்ல அவருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. அந்தக் காரணத்தைத் தந்தது பேண்ட். கடைசியில் எல்லாம் தணிந்து, தொடக்கத்தின் அடக்கத்துக்கே பாட்டு திரும்புகிறது.

இதிலிருந்து எல்லாப் பாட்டுக்கும் பொருந்தும் ஒரு கேள்வி கிடைக்கிறது: இடையிசைக்குப் பிறகு பாடகர் பாடுவது, இடையிசைக்கு முன் பாடியதிலிருந்து வேறுபடுகிறதா? வேறுபடவில்லையென்றால் அந்த இடையிசை நேரத்தை நிரப்ப வந்தது. பதிவை அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் மாறிமாறி ஓடவிட்டு, இரண்டு பகுதிகளையும் ஒப்பிடுங்கள்.

தாளக் குழு

காலப்பிரமாணம் தவறினால் மேலே எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை. பேஸி பேண்டில் 1937 முதல் 1987-இல் மறையும்வரை கிட்டார் வாசித்த ஃபிரெடி கிரீன், ஒரு பாருக்கு நான்கு தட்டுகள், அவ்வளவுதான் வாசித்தார். ஒலிபெருக்கி இணைக்காத அந்தக் கிட்டார் பல பதிவுகளில் காதுக்குத் தனியாக எட்டாது. நடை ஒரே சீராக முன்னே செல்வதில் அதன் இருப்பை உணரலாம். 1964-இல் பேஸியுடன் சினாட்ரா பாடிய "ஃபிளை மீ டு த மூன்" பாட்டில், பார்ட் ஹோவர்ட் 1954-இல் மூன்று எண்ணிக்கை நடையில் இயற்றியதை குவின்சி ஜோன்ஸ் நான்கு எண்ணிக்கைக்கு மாற்றினார். அந்த ஒரு முடிவே பாட்டின் குணத்தை மாற்றிவிட்டது. ஏக்கமாக இருந்தது நடைபோடத் தொடங்கியது.

பேண்ட் பெரிதாக இருந்தால் தரம் உயரும் என்று எண்ண வேண்டாம். மார்ட்டி பெய்ச் 1956-இல் மெல் டோர்மேவுக்காக அமைத்தது பத்துப் பேர் கொண்ட குழுதான்; அதில் பிரெஞ்சு ஹார்னும் டியூபாவும் இருந்தன. ஒவ்வொரு வாத்தியமும் தனித்துக் கேட்குமளவு காற்றோட்டமான எழுத்து அது. எனக்கு மிகவும் பிடித்த பின்னணிகளில் பல அந்த இசைத்தட்டில் இருக்கின்றன. 1958-இல் பெகி லீ பாடிய "ஃபீவர்" பாட்டில் பாஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு ஆகியவற்றைத் தவிர வேறு எதுவுமே இல்லை. பேண்டை முழுவதும் வெளியே அனுப்புவதும் ஒரு முடிவாக இருக்க முடியும் என்பதற்கு அதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

குறைகளை இனங்காணுதல்

தரம் குறைந்த எழுத்தைச் சில அடையாளங்களால் விரைவில் அறியலாம். எல்லா வரி முடிவிலும் ஒரே வகை ஃபில்லர், ஒரே வாத்தியத்தில் வரும். பாட்டின் பொருள் துயரமோ குதூகலமோ, டிரம்பெட்டுகள் ஒரே முறையில் பாய்ந்து நிற்கும். கடைசிச் சுற்றில் ஸ்கேலை அரைச் சுரம் உயர்த்துவது எந்தத் தேவையுமின்றி, பரபரப்பு உண்டாக்க மட்டும் செய்யப்படும். பாடகர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தும் இடத்தில் பேண்டும் அதே சுரத்தை இழுத்து, அவருடைய குரலின் நடுக்கத்தையும் நுணுக்கத்தையும் மூடிவிடும். தொடக்க இசை பாட்டின் எந்தப் பகுதியோடும் தொடர்பில்லாமல் தனியே தொங்கும். இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதால் மட்டும் பதிவைத் தள்ளிவிடத் தேவையில்லை. மூன்று நான்கு சேர்ந்து வந்தால், அரேஞ்சர் பாட்டின் சொற்களை வாசிக்காமலே எழுதியிருக்கிறார் என்று ஐயப்படலாம்.

இந்த அளவுக்குக் காது பழகிய பிறகு, 1966-இல் லாஸ் வேகஸ் நகரின் சாண்ட்ஸ் ஹோட்டலில், குவின்சி ஜோன்ஸ் நடத்த, பேஸி பேண்டுடன் சினாட்ரா மேடையில் பாடிய பதிவை எடுங்கள். "ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்" அதிலும் இருக்கிறது. ஆனால் அந்த மேடையில் நரம்புக் கருவிகள் இல்லை. 1956 பதிவில் வயலின்கள் தாங்கிய இடங்களை இங்கே எந்த வாத்தியங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன, டிரோம்போன் ஏற்றத்தின் சரிவு முன்னைவிடச் செங்குத்தாகிவிட்டதா, மக்கள் முன்னால் பாடும்போது சினாட்ரா தள்ளிப் பாடும் சொற்களுக்குப் பேண்ட் எப்படி ஈடுகொடுக்கிறது என்று மூன்று தலைப்புகளில் குறித்துக்கொண்டு, குறிப்பு காயும் முன்னரே பழைய பதிவை மறுபடியும் ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.